பழைய ஸ்பிட்ஃபயர் காரில் தானாக இறங்கும் பிரேக் பெடல்: கிட் போதுமா, மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1969ஆம் ஆண்டு வெளியான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் ஒன்று உள்ளது. வலப்புற ஸ்டியரிங், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்). மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்றிருந்த வண்டியை அண்மையில் வெளியே எடுத்தேன். கோபாலபுரம் சோதனைச் சாவடியில் வரிசையில் காத்திருந்தபோது, மிதமாக அழுத்திப் பிடித்திருந்த பிரேக் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவதைக் கவனித்தேன். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது. பிடித்துக்கொண்டே இருந்தால் மீண்டும் இறங்குகிறது. சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் அளவு குறையவில்லை. சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரம் இல்லை.

பொள்ளாச்சியில் விசாரித்ததில் ஆளுக்கொரு யோசனை கிடைத்தது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல்களின் தொகுப்பான கிட்டை மாற்றினாலே போதும் என்கிறார் ஒருவர். மாருதி கார் ஒன்றின் டேண்டம் சிலிண்டரை, அதாவது பிரேக்கை இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கும் இரட்டைச் சிலிண்டரை, பொருத்திவிட்டால் பாதுகாப்பும் கூடும் என்கிறார் இன்னொருவர். என் மாமா வீட்டில் உதிரிக்காக வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சிலிண்டரே இதற்கும் சேரும் என்பது மூன்றாமவரின் கருத்து. மார்கழியில் வால்பாறைக்குச் செல்லும் எண்ணம் இருப்பதால், அதற்குள் இதைச் சரியாக முடித்துவிட விரும்புகிறேன்.

மறுமொழி: பீளமேடு பட்டறைக்காரர்

கிட்டா, புதிய சிலிண்டரா என்பதைச் சிலிண்டரைத் திறந்து பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கோளாறு சிலிண்டருக்குள்தான் இருக்கிறது என்பதை நீங்கள் சொன்ன அறிகுறிகளே ஏறத்தாழ உறுதி செய்கின்றன. வெளியே ஒரு சொட்டும் போகாமல் பெடல் இறங்குகிறது என்றால், அழுத்தத்தில் இருக்கும் ஆயில் உள்ளே இருக்கும் ரப்பர் சீலைத் தாண்டி மறுபடி டப்பாவுக்கே திரும்புகிறது என்று பொருள். இதைச் சோதிக்கும்போது பலரும் பெடலை ஓங்கி மிதிக்கிறார்கள். அப்படி மிதித்தால் சீலின் உதடு சுவரோடு ஒட்டிக்கொண்டு கோளாறு மறைந்துவிடும். மிதமான அழுத்தத்தில்தான் தேய்ந்த சீல் தன் குணத்தைக் காட்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கோளாறும் உண்டு. பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் உயர்ந்து அங்கேயே உறுதியாக நின்றால், அது பின் டிரம்மில் ஷூ இடைவெளி கூடிவிட்டதன் அடையாளம். உங்கள் காரில் அந்த இடைவெளி தானாகச் சரியாகாது. டிரம்முக்கு உட்புறம் ஷூக்களைத் தாங்கும் தட்டில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். இதைப் பார்க்காமலேயே மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிட்டுப் பெடல் இன்னும் ஆழமாகத்தான் போகிறது என்று திரும்பி வருபவர்கள் ஏராளம். ஆகவே முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, பிறகு சிலிண்டரிலிருந்து புறப்படும் பைப்பைக் கழற்றி, அந்த வாயைச் சரியான மரை உள்ள அடைப்பானால் மூடிப் பெடலைப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கழற்றிய சிலிண்டரின் உட்சுவரை நன்றாகத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மாதக்கணக்கில் ஈரக்காற்று வீசும் உங்கள் பகுதியில், ஓடாமல் நின்ற வண்டியின் சிலிண்டரில் சீல் ஓய்ந்திருக்கும் இடத்தை ஒட்டித் துருப்புள்ளிகள் வளையமாக விழுவது வழக்கம். நகத்தால் வருடும்போது நகம் தட்டினால் கிட் போடுவது வீண் செலவு. புதிய ரப்பரையும் அந்தப் புள்ளி சில வாரங்களில் கிழித்துவிடும். ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரைத் தேய்த்துப் புள்ளியை எடுத்தால் போர் (சிலிண்டரின் உள்துளை) பெரிதாகிவிடும், ஆனால் கிட்டில் வரும் சீல் பழைய அளவிலேயே இருக்கும். துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஸ்லீவ் (உட்குழாய்) அடித்து, மூல அளவுக்கே போரைக் கொண்டுவருவது நல்ல வழிதான். கோவை லேத் பட்டறைகளில் அதற்கான கைத்திறன் இருக்கிறது. இருந்தாலும், உங்கள் வண்டிக்குரிய புதிய சிலிண்டர் கிடைக்கும் நிலையில் நான் புதியதையே வாங்குவேன்.

மறுமொழி: செங்கோட்டை வாசகர்

ஹெரால்டு யோசனையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தாகிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த ஹெரால்டும் உங்கள் ஸ்பிட்ஃபயரும் உறவுக்காரர்கள்தாம். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி உருவானது. ஆனால் நம் ஊர் ஹெரால்டுக்கு முன்னாலும் டிரம், உங்களுக்கு முன்னால் டிஸ்க். டிரம்மை மட்டும் மனத்தில் கொண்டு அமைத்த பிரேக் ஏற்பாடுகளில், பெடலை விட்ட பிறகும் பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கக்கூடும். டிஸ்க்கின் மீது பேடுகளை அழுத்தும் காலிப்பருக்கு அது ஆகாது. பேட் உரசிக்கொண்டே இருந்து சூடேறும்.

அதைவிட முக்கியமானது போரின் விட்டம். அது பெரும்பாலும் சிலிண்டரின் வார்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். விட்டம் சற்று மாறினாலும் பரப்பு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எடுத்துக்காட்டாக, 5/8 அங்குலத்துக்குப் பதில் 3/4 அங்குலம் போட்டால் பரப்பு 44 விழுக்காடு கூடுகிறது. பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் நிற்பதால் பட்டறை வாசலில் எல்லோருக்கும் பிடித்துப்போகும். ஆனால் அதே கால் பலத்துக்குச் சக்கரத்தில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைந்திருக்கும். கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத காரில் இது விளையாட்டல்ல. உங்கள் பழைய வார்ப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவைத்தான் வாங்க வேண்டும்.

டேண்டம் சிலிண்டர் கொள்கையளவில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பூஸ்டரோடு சேர்ந்து வேலை செய்ய அமைந்த ஒன்றைப் பூஸ்டர் இல்லாமல் பொருத்துவதும், முன் பின் பைப்புகளைப் பிரித்துப் புதிதாக இழுப்பதும், மில்லிமீட்டர் மரைகளை அங்குல மரைகளோடு இணைப்பதும் சேர்ந்தால், அது பழுதுபார்ப்பு அல்ல, புதிய பிரேக் அமைப்பையே வடிவமைக்கும் வேலை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பின் ஷூக்களைச் சரிசெய்த பிறகும், வாயை அடைத்த பிறகும் பெடல் இறங்கியது. கழற்றிப் பார்த்ததில் உட்சுவரில் பழுப்பு வளையம் ஒன்று இருக்கிறது, நகம் தெளிவாகத் தட்டுகிறது. அதே அளவில் புதிய சிலிண்டருக்குச் சொல்லிவிட்டேன். பொருத்தும்போது எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்? ஈரத்துக்கு அஞ்ச வேண்டாம் என்பதால் சிலிகான் வகையான டாட் 5 ஊற்றும்படி மாமா சொல்கிறார். அது சரியா?

மறுமொழி: மார்த்தாண்டம் வாசகர்

உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிலிகான் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டையும் அரிக்காது. இருந்தும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே எப்படியாவது நுழைந்த நீர் அதில் கலக்காமல் தாழ்வான இடத்தில் துளியாகத் தங்கிவிடும். நுண்குமிழிகள் எளிதில் வெளியேறாததால் ஏர் எடுப்பதும் (பைப்புகளில் உள்ள காற்றை வெளியேற்றுவதும்) சிரமம். பழைய ஆயிலோடு கலக்கவும் கூடாது. டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான தரவரம்பு 155 டிகிரிதான். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை நம்பி இறங்குபவருக்கு இந்த இரண்டு எண்களின் இடைவெளி புரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்து மழைக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

பொருத்தும் முறைக்கு வருகிறேன். டாட் 4 பெயிண்டை உரித்துவிடும் என்பதால் சுற்றிலும் துணி விரித்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தினால் துடைப்பதைவிட உடனே கழுவுவதே மேல். பைப் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனைகள் மழுங்கும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். பெடலின் அழுத்தத்தைப் பிஸ்டனுக்குக் கொண்டுசெல்லும் பழைய தண்டையும் புதிய தண்டையும் அருகருகே வைத்து நீளம் ஒன்றுதானா என்று அளந்து பாருங்கள். சிலிண்டரின் இரண்டு போல்ட்களையும் இறுக்குவதற்கு முன்பே, அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் நிலையில், பைப் நட்டை விரலாலேயே சில சுற்றுகள் ஏற்றிவிட வேண்டும். போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப் கோணலாக நின்று மரை கடிபடும். உங்கள் காரில் உள்ளது 3/8 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்) மரை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் நட் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் சேராது. விரலால் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்ற முயல வேண்டாம். தண்டைப் பெடலோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னுக்குப் புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம்.

ஏர் எடுக்கும்போது பின் ஷூக்களை டிரம்மோடு முட்டும்வரை அட்ஜஸ்டரால் விரித்து வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். தொலைவில் உள்ள பின் சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ள முன் சக்கரத்தில் முடியுங்கள். உதவிக்கு ஒருவர் பெடலை நிதானமாக மிதிக்க வேண்டும். வேகமாக மிதித்தால் காற்று நுரையாகிவிடும். முடிந்ததும் ஷூக்களை உரிய இடைவெளிக்குத் தளர்த்த மறக்க வேண்டாம்.

கடைசியாக, பெடலைக் கையால் அழுத்தும்போது, தண்டு பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும் முன் சிறு தளர்வு இருப்பதை உணர முடிய வேண்டும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது, சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியின்றிப் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஒற்றைச் சுற்று என்பதால் கை பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, மலை ஏறும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, முதலில் ஆழியாறு வரை சமதளத்தில் போய் வாருங்கள். வண்டியை விட்டு இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்குள்ள ஹோஸையும் காலிப்பரையும் பாருங்கள். எல்லாமே சுட்டால் தண்டின் தளர்வை மறுபடி சோதியுங்கள்.