‘வானிலையாலழிதல்’ பிளாஸ்டிக்குக்குப் பொருந்துமா?

அன்பின் நண்பர்களுக்கு,

நமது கலைச்சொல் பட்டியலில் வெதரிங் (weathering, வெயிலிலும் மழையிலும் கிடந்து பழுதாவது) என்பதற்கு, புவியியல் பாடத்தில் ‘வானிலையாலழிதல்’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். பாறைக்கு அது சரி. பிளாஸ்டிக்குக்கு வைத்தால் வெயிலும் மழையும்தான் முழுக் குற்றவாளி என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பாதிக் குற்றம் தொழிற்சாலையில் நடந்து முடிந்திருக்கும்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தெளிந்த வானத்தில் ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 10 சதவீதம் கழியூதாக் கதிர் கூடும். குளிர் என்பதால் இரசாயனத் தாக்கம் கொஞ்சம் மெதுவாகும். சரி, அது எல்லாப் பொருளுக்கும் பொது. அப்படியானால் ஒரே லயத்துக்குப் பக்கத்தில், ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு தண்ணீர்த் தாங்கிகளும் ஒன்றுபோலத்தான் பழுதாக வேண்டும். ஆனால் ஒன்று வெளிறி, தொட்டால் கையில் தூள் ஒட்டி, வெடித்துப்போகிறது. மற்றது அசையாமல் நிற்கிறது.

விஷயம் இதுதான். இந்தத் தாங்கிகள் பொலித்தீனால் ஆனவை. நிலத்துக்கு வந்துசேரும் சூரிய ஒளியைத் தூய பொலித்தீன் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. சுமார் 290 நனோமீற்றருக்குக் கீழுள்ள அலைநீளங்களை ஓசோன் படை தடுத்துவிடும். அதற்கு மேலுள்ளவற்றைப் பிடிக்கப் பொலித்தீனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் எதுவும் கிடையாது. பிடித்துக்கொள்வது பொலித்தீனை உருவாக்கப் போட்ட ஊக்கியின் மிச்சமும், உருக்கும்போது ஒட்சிசன் ஏறிச் சேர்ந்த ஐதரோபெரொட்சைட்டுகளும் காபனைல் கூட்டங்களும்தான். வெப்பநிலை கூடினாலோ, உருகிய பிளாஸ்டிக் இயந்திரத்துக்குள் அதிக நேரம் தங்கினாலோ, காற்று புகுந்தாலோ இவை பெருகும். பிறகு வெயில் பட்டவுடன் இவை உடைந்து தனிமூலிகங்களை, அதாவது அடுத்ததைத் தாக்கத் துடிக்கும் மூலக்கூற்றுத் துண்டுகளை, தரும். சங்கிலி அறுபடத் தொடங்கிவிடும்.

தாங்கியைச் செய்யும் முறையும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. பொலித்தீன் தூளை அச்சுக்குள் போட்டு, போறணையில் வைத்துச் சுழற்றுகிறார்கள். அச்சுக்குள் காற்று இருக்கிறது. கூடுதலாக வேகவிட்டால் உட்சுவர் ஒட்சியேறி நொறுங்கும் தன்மைக்கு வரும். குறைவாக வேகவிட்டால் சரியாக உருகாத தூளும் காற்றுக் குமிழும் மிஞ்சும். கறுப்புத் தாங்கியில் போடும் காபன் கறுப்பு (நுண்ணிய கரித்தூள்) 2 முதல் 2.5 சதவீதம் இருந்தால் நல்ல காவல், ஆனால் உருகிய நிலையில் கலந்து சீராகப் பரவியிருக்க வேண்டும். செலவு பார்த்து வெறும் தூளோடு தூளாகக் கிளறினால் அது தூள்மணிகளின் எல்லையிலேயே தங்கி, அந்த இடத்தைப் பலவீனமாக்கும். கறுப்பாக இருக்கிறது, ஆகவே நல்லது என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

கூரைப் பீலிக்குப் போடும் பீவீசியில் கதை வேறு. அதிகச் சூட்டில் ஐதரசன் குளோரைட்டு வெளியேறி, இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகும். ஒளியை உறிஞ்சுவது அவைதான். வார்த்த கதிரையில் வெளித்தோல் முதலில் இறுகி, உட்பகுதி பிறகு சுருங்குவதால் இழுவிசை உள்ளே தங்கிவிடும். வெயில் மேற்பரப்பை நொறுங்கவைத்ததும் வெடிப்பு அதன் வழியே ஓடும்.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள். வெளியில் நடப்பதற்கு ஒன்று, உள்ளே ஏற்கனவே இருப்பதற்கு ஒன்று.

முதலாவதுக்கு ‘உக்குதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். குப்பைத்தொட்டியிலேயே ‘உக்கும்’, ‘உக்காத’ என்று எழுதி, பிளாஸ்டிக்கை உக்காத பக்கம் போட்டுவிட்டோமே! ‘சிதைவு’ பொதுச்சொல், எல்லா வகை அழிவுக்கும் அது தேவைப்படும். பழைய துணியையும் கயிற்றையும் ‘இத்துப்போச்சு’ என்கிறோம். உருவம் இருக்கும், உரம் இருக்காது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கும் அதே நிலைதான். எனவே ‘வானிலை இற்றுப்போதல்’. நீளம்தான், ஆனால் ‘வெளியிறல்’ என்று சுருக்கினால் எனக்கு இறால் ஞாபகம் வருகிறது.

இரண்டாவதுக்கு ‘உருக்கு வடு’ என்றால் அழகாக இருக்கும், ஆனால் நமது பாடநூல்களில் உருக்கு என்றால் இரும்பின் கலப்புலோகம். ‘சூட்டு வடு’ குளிரும்போது தங்கும் இழுவிசையை விட்டுவிடும். நான் ‘ஆக்க வடு’ என்று வைக்கிறேன். சூடு, காற்று, கலவைக் குறை, இழுவிசை எல்லாம் அதில் அடங்கும். வசனத்தில் போட்டுப் பாருங்கள்: “ஆக்க வடு கூடிய தாங்கி, குறைந்த வெயிலிலும் விரைவாக இற்றுப்போகும்.”

ஒரு பகுதியை அளக்கவும் முடியும். அகச்சிவப்பு நிறமாலையில் 1,715 அலையெண்ணையொட்டி வரும் காபனைல் உச்சியை, தாங்கி வெயிலைக் காணும் முன்பே பார்க்கலாம். கலவைக் குறைக்கு மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். அந்த உச்சியின் அளவைச் சொல்லும் எண்ணுக்கு ‘காபனைல் சுட்டி’ என்ற சொல்லில் யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.