படத்தில் இருந்த மகால் இடிந்து கிடந்தது

பத்துத்தூண்:
மதுரையில் பத்துத்தூண் சந்துப் பக்கம் வளர்ந்தவன் நான். பெயருக்கேற்றபடி பத்துத் தூண்கள் அங்கே நிற்கின்றன. சுற்றிலும் ஜவுளிக்கடைகள். தீபாவளி நேரத்தில் தொங்குகிற துணிகளுக்கு நடுவே தூண் எங்கே என்று தேட வேண்டும். அவை அங்கே ஏன் நிற்கின்றன என்று சின்ன வயதில் யோசித்ததில்லை. "யானை கட்டுன தூணுடா" என்று அப்பத்தா சொன்னாள், அதோடு விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது லினியஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்கள் கண்ணில் பட்டன. சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த ராணுவ அதிகாரி அவர். மதுரைக்கு வந்தது 1858-ல். நான் முதலில் தேடியது திருமலை நாயக்கர் மகாலைத்தான். பழைய படம் என்றாலே நமக்கு ஒரு நினைப்பு உண்டு இல்லையா, இன்றைக்குச் சிதைந்திருப்பதெல்லாம் அன்றைக்கு முழுசாகப் பளபளவென்று இருக்கும் என்று. படத்தில் நேர்மாறாக இருந்தது. சுதை உதிர்ந்த சுவர்கள், புதர், இடிபாடு. நான் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போன மகால் அந்தப் படத்தைவிட எவ்வளவோ தேவலை.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். 1636-ல் கட்டிய அரண்மனை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பார்கள். மிச்சம் இருந்ததில் காலம் கைவைத்தது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். ஆக டிரைப் வந்தது அந்த வேலை தொடங்குவதற்கு முன்னால். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது மூல அரண்மனையில் கால்வாசிதான், அதாவது சொர்க்க விலாசமும் அதை ஒட்டிய பகுதியும். ரங்க விலாசம் என்ற பகுதி போய்விட்டது. அதில் மிஞ்சியவைதான் எங்கள் சந்தில் நைட்டி தொங்குகிற பத்துத் தூண்கள்!

அப்பாவிடம் காட்டினேன். மகாலில் கோர்ட் நடந்த காலத்தைப் பார்த்தவர் அவர். "உங்க தாத்தா வாய்தாவுக்கு வர்றப்ப என்னையும் கூட்டியாருவாரு. தூணுக்குத் தூண் ஒளிஞ்சு வெளாடுவோம்" என்பார். படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம மகாலே இல்ல" என்றார். சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து, வளைவையும் தூணையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். காவலாளியும் எட்டிப் பார்த்தார். "ஷூட்டிங்குக்குப் போட்ட செட்டா சார்?" என்றார்.

அப்பாவுக்குப் பிடித்தது ஒன்றுதான், வானத்தில் இருந்த மேகம். அதுவும் கையால் தீட்டியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிரைப் காகித நெகட்டிவில் படம் எடுத்தவர். வானம் வெறிச்சென்று விழும் என்பதால் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டுவாராம். வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும் என்பதால் நடந்து போகிறவர்கள் பதிவதும் இல்லை. மதுரையில் ஆளே இல்லாத தெருவை நான் பார்த்தது அந்தப் படங்களில் மட்டும்தான்.

விளக்குத்தூணையும் எடுத்திருக்கிறார். அதுவும் நாயக்கர் காலத்தது என்றே நினைத்திருந்தேன். இல்லை, கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகள் வர வழிசெய்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக நட்டது. டிரைப் வந்தபோது அது புதுசு.

பேசின் பிரிட்ஜ்:
பத்துத்தூண், எனக்கும் இப்படி ஒரு பழைய படம் மாமா வீட்டு பீரோவில் கிடைத்தது. கல்யாணமான புதிதில் மாமாவும் அத்தையும் சென்னை மூர் மார்க்கெட் வாசலில் நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். பத்து வருடமாக நான் தினமும் லோக்கல் ரயில் ஏறுவது சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் ஸ்டேஷனில். அங்கே ஒரு மார்க்கெட் இருந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. 1900-ல் திறந்தது, 1985 மே 30-ல் எரிந்தது. "செவப்புக் கட்டடம்டா" என்று மாமா சொன்ன பிறகுதான் படத்தில் இருந்த சாம்பல் நிறம் எனக்குச் சிவப்பாகத் தெரிந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி எல்லாம் கிடைக்குமாம். அத்தைக்குக் கட்டடமெல்லாம் நினைவில்லை. "அம்பது ரூபா சொன்னா பத்து ரூபாய்க்குக் கேக்கணும்" என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கீழவாசல்:
அதே டிரைப் எங்கள் தஞ்சாவூருக்கும் வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கியிருக்கிறார். எழுத்துகளுக்காக இவ்வளவு மெனக்கெட்டவரைக் கட்டடப் படக்காரர் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் சுவரோரம் குனிந்தபடி நகர்ந்தோம். நாலு எழுத்து ஒத்துப்போனதும் அம்மா கத்திவிட்டாள். காவலர் விசில் ஊதினார்.

பத்துத்தூண்:
கீழவாசல், உங்கள் அம்மா நாலு எழுத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். எங்கள் அப்பா அத்தனை தூணையும் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தும் "அது வேற மகால்" என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.