அகணிப் பலகை: சாண்ட்விச் கட்டமைப்புக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். சாண்ட்விச் கட்டமைப்பைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வியோடு ஓடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஆறுதலாக இருந்து வாசித்தேன். இடையீட்டுப் பலகை, அடுக்குப் பலகை, புறக்காழ்ப் பலகை என்று மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. சாண்ட்விச் என்பதையே அப்படியே வைத்துக்கொள்வோம் என்பது நாலாவது கட்சி. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: அகணிப் பலகை. அகணி என்றால் உள்ளிடம், ஆங்கிலத்தில் கோர் (core). ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். மெல்லிய, உறுதியான இரண்டு முகத்தகடுகள். நடுவே தடித்த, ஆனால் இலேசான ஒன்று. இவற்றைப் பிணைக்கப் பசை. பலகையை வளைத்தால் ஒரு முகம் இழுபடும், மற்ற முகம் நெருக்குப்படும். நடுவில் இருப்பது அந்த இரண்டு முகங்களையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று வழுக்கிப் போகாமலும் பார்த்துக்கொள்கிறது. அதனால் கிடைக்கும் பலன் சின்னதல்ல. ஒரு தகட்டைத் தடிப்பில் சரிபாதியாகப் பிளந்து, நடுவில் அதே தகட்டின் தடிப்பளவுக்கு இலேசான பொருளை வைத்தால் வளைவுக்கு எதிரான விறைப்பு 7 மடங்காகும். மூன்று தடிப்பளவு வைத்தால் 37 மடங்கு. மொத்தத் தடிப்பின் கனத்திலிருந்து (மும்முறை பெருக்கிய தொகையிலிருந்து) நடுத் தடிப்பின் கனத்தைக் கழித்துப் பாருங்கள்: 8 இல் 1 போனால் 7, 64 இல் 27 போனால் 37. நடுப்பொருளின் சொந்த விறைப்பையும் அதன் வழுக்கலையும் விட்டுவிட்ட கிட்டிய கணக்குத்தான் இது. ஆனாலும் விஷயம் விளங்கும். நடுவில் வைப்பது தேன்வதை போல வெறுமை மிகுந்ததாக இருந்தால் எடை கூடுவது நூற்றுக்குச் சில வீதமே.

இனிச் சொற்களுக்கு வருவோம்.

அடுக்குப் பலகை சரிவராது. முகத்தகடே பல அடுக்குக் கண்ணாடிநாரைப் பிசினில் தோய்த்துச் செய்ததுதான். ஒட்டுப்பலகையும் அடுக்குத்தான். அடுக்கு என்ற சொல்லை அவற்றுக்கே விட்டுவிட வேண்டும்.

இடையீடு பற்றி எனக்கு வேறொரு தயக்கம். வேதியியலில் ஃபெரோசீன் என்ற சேர்வையையும் சாண்ட்விச் என்கிறார்கள். இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு. அங்கே நடுவில் அகப்பட்டிருப்பதுதான் கதாநாயகன், ஆகவே இடையீடு என்ற சொல் அதற்குப் பொருந்தலாம். பலகையில் நிலைமை வேறு. நடுப்பொருள் அங்கே தற்செயலாக இடையில் புகுந்ததல்ல. அந்த அமைப்பை உண்டாக்குவதே அதுதான். பழைய வழக்கில் இடையீடு என்றால் தடை, இடையூறு என்ற பொருளும் உண்டு.

மதுரையிலிருந்து எழுதிய ஐயா முன்வைத்த புறக்காழ், இதுவரை வந்தவற்றில் மிக அழகானது. காழ் என்றால் வைரம், மரத்தின் கெட்டியான பகுதி. புறத்தே வைரம் கொண்டதைப் புல் என்றும், அகத்தே வைரம் கொண்டதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிப்பதை அவர் எடுத்துக் காட்டியபோது மனம் நிறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பனை தறித்துப் பார்த்தவர் எல்லாருக்கும் இது கண்ணால் கண்ட விஷயம்: வெளியே கோடரி துள்ளும் வைரம், உள்ளே நகத்தால் கிள்ளலாம் போன்ற சோற்றி.

ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. பனையில் வைரம் எங்கே முடிகிறது, சோற்றி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. வெளியிலிருந்து உள்நோக்கிப் போகப் போக நார்கள் ஐதாகி, உறுதி படிப்படியாகக் குறைகிறது. நாம் பேசும் பலகையிலோ கத்தியால் வெட்டியது போல ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையில் பசை இருக்கிறது. பலகை கெட்டுப்போகும்போது பல தரம் அந்த எல்லையில்தான் கெடுகிறது. அப்புறம், மூங்கிலும் புறக்காழ்தான். அதன் உள்ளே ஒன்றுமே இல்லை. உறுதி படிப்படியாக மாறும்படி செய்யப்படும் பொருட்கள் இன்று தனித் துறையாகவே வளர்ந்திருக்கின்றன. ஐயாவின் சொல்லை அவற்றுக்கு ஒதுக்கி வைப்போம் என்பது என் வேண்டுகோள். அங்கே அது கச்சிதமாக உட்காரும்.

நான் அகணியில் போய் நிற்பதற்குக் காரணம் மட்டக்களப்பு வாழைச்சேனைப் பக்கத்து பைபர் (கண்ணாடிநார்) வேலைத்தளங்கள். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுக்கப் பைபர் வள்ளங்கள் நிறைந்துவிட்டன. ஓடாவி என்ற மரப்படகுத் தச்சர் செய்த வேலையைக் கண்ணாடிநாரும் றெசின் என்ற பிசினும் எடுத்துக்கொண்டன. சிறிய வள்ளத்தின் உடல் பெரும்பாலும் முழுப் பைபர்தான். பெரிய படகின் மேற்றளம் போன்ற இடங்களில் நடுவில் ஒட்டுப்பலகையோ நுரையோ வைப்பார்கள். பொடியன்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்: "இது கோர் போட்டதா, போடாததா?" சாண்ட்விச் என்று யாரும் சொல்வதில்லை. துளை போடுமுன் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

ஏனென்றால், கோர் போட்ட தளத்தில் கயிறு கட்டும் கொம்பைப் பூட்ட நேராகத் துளைத்து ஆணியை முறுக்கினால் நடுவிலுள்ளது நசுங்கிவிடும். இறுக்கம் தளரும். தளர்ந்த ஆணியைச் சுற்றி உப்புத்தண்ணீர் இறங்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு சில்லறைக் காசால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும். கெட்ட இடம் வந்ததும் சத்தம் 'தொப்' என்று செத்துப்போகும். கிறைண்டரால் மேல்முகத்தை வெட்டித் தூக்கினால், பலகையாக இருந்தது கறுத்து, ஊறிய தேயிலைத்தூள் மாதிரி விரலோடு வரும். அதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புது நடுப்பொருள் வைத்து, மேலே பைபர் போட்டு மூட வேண்டும். ஆணி வரும் இடத்தில் மட்டும் இலேசானதை எடுத்துவிட்டு முழுக்கட்டையாக ஒன்றைப் பதிக்க வேண்டும். இந்த அறிவு முழுவதும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் சுற்றியே ஓடுகிறது. ஆகவே பெயரும் நடுவிலிருந்து எழ வேண்டும் என்கிறேன்.

அகணி என்பது இலங்கையில் படித்த நமக்குப் புதிதல்ல. புவியின் அகணி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். தமிழ்நாட்டு நண்பர்கள் அதே இடத்தில் கருவம் என்பார்கள், தெரியும். ஆனால் கரு என்றதும் அணுக்கருவும் உயிரணுவின் கருவும் போல ஒரு மையப்புள்ளிதான் மனதில் வருகிறது. பலகைக்கு மையப்புள்ளி கிடையாது, ஓரத்திலிருந்து ஓரம் வரை பரவிய உள்ளிடம்தான் உண்டு. அகணிக்கு அகராதியில் பனை, தென்னை மட்டையின் உள்நார் என்றும் பொருள் இருக்கிறதே என்று கல்முனை அக்கா கேட்கக்கூடும். இருக்கட்டும் அக்கா, அது நம் பொருளுக்கு இன்னும் கிட்டத்தான் கொண்டுவருகிறது. ஆனால் வெளிமுகத்துக்குப் புறணி என்று இணை தேட வேண்டாம். தமிழ்நாட்டில் அது கோள் சொல்வதைக் குறிக்கும், தாவரவியலிலும் அதற்கு வேறு வேலை இருக்கிறது. முகத்தகடு போதும்.

இந்தச் சொல் கிளைவிடும் விதத்தையும் பாருங்கள். பல்சா அகணி: ஈக்குவடோர் நாட்டில் நிறைய வளரும் இலேசான மரம், நார்கள் முகத்தகடுகளுக்குச் செங்குத்தாக நிற்கும்படி குறுக்கே அறுத்துக் கட்டைகளாக வைப்பார்கள். 1940 நவம்பரில் முதன்முதல் பறந்த மொஸ்கிட்டோ விமானத்தின் உடல், பேர்ச் ஒட்டுப்பலகை முகங்களுக்கு நடுவே பல்சா வைத்துச் செய்தது. நுரை அகணி: படகுகளுக்குப் பி.வி.சி. நுரை, மீன் வைக்கும் குளிரறைச் சுவர்களுக்குப் பொலியூரிதேன். தேன்வதை அகணி: அலுமினியத் தாளிலோ அரமிட் நார்க் காகிதத்திலோ அறுகோண அறைகள், விமானங்களின் உள்தரையில் இதுதான் நம் காலடியில் கிடக்கிறது. எந்த அகணிக்கு எந்தப் பிசின் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். மீன்பெட்டிக்குப் பாவிக்கும் றிஜிபோமை (வெள்ளைப் பொலிஸ்டைரீன் நுரையை) அகணியாக வைத்துப் பொலியெஸ்டர் றெசினைப் பூசினால், றெசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபொக்சி றெசின் என்றால் கரையாது.

சாண்ட்விச்சையே வைத்துக்கொள்வோம் என்ற சம்மாந்துறைத் தம்பிக்கு: பேச்சில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த மண் இது. நமக்கு எழுதுவதற்கு ஒரு சொல் வேண்டும். தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளை சாண்ட்விச் என்பதை மனப்பாடம் செய்வான். அகணியிட்ட தளம் என்று வாசித்தால் துளைக்குமுன் கை நிற்கும்.

இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்து வேண்டும். முகத்தகடு அகணியை விட்டுப் பெயர்வது ஒன்று, முகத்தகட்டுக்குள்ளேயே நார் அடுக்குகள் பிரிவது இன்னொன்று. இரண்டுக்கும் பழுதுபார்க்கும் முறை வேறு. முதலாவதை முகம்பெயர்தல் என்றும் இரண்டாவதை அடுக்குப்பிரிவு என்றும் வைக்கலாமா? மற்றது, ஆணி வரும் இடத்தில் அகணிக்குப் பதிலாகப் பதிக்கும் முழுக்கட்டை. பதிகட்டை என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அது பல வேளை கட்டையே இல்லை, இறுகிய பிசினாகவோ உலோகமாகவோ இருக்கும். படகு வேலையோ மரவேலையோ தெரிந்தவர்களிடம் இதற்கு நடைமுறைச் சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து