கப்பலில் அடிபட்டவர் கேஸ்: அலட்சியத்தை எதை வைத்து நிரூபிப்பது? ராயபுரம், எண்ணூர் பக்கம் பார்த்தவை

எண்ணூர் போசன் (கப்பலில் டெக் ஆட்களின் தலைவர்):
கயிறு அறுந்து அடிபட்ட கேஸ் என்றால் முதலில் காணாமல் போவது அந்தக் கயிறுதான். புதுசை மாட்டிவிட்டுப் பழசைத் தள்ளிவிடுவார்கள். அறுந்த இரண்டு முனையையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கம்பி முனை சிறுத்துக் கூம்பியிருந்தால் அதிக பாரம். தட்டையாக முறிந்திருந்தால் நாள்பட வளைந்து வளைந்து பலம் போனது. உள்ளே துரு இருந்தால் கிரீஸே போடவில்லை. முதலாவது விஞ்ச் (கயிறை இழுக்கும் எந்திரம்) ஓட்டியவரைக் காட்டும். மற்ற இரண்டும் கயிறைச் சோதிக்க வேண்டியவரைக் காட்டும். கயிற்றின் விட்டத்தைப் போல் 8 மடங்கு நீளத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் கம்பி அறுந்து தெரிந்தால் அந்த வயர் ரோப்பில் (கம்பிக் கயிறு) பாரம் தூக்கக்கூடாது. 6×24 கயிற்றில் (6 புரி, புரிக்கு 24 கம்பி) 144 கம்பி. 15 போனாலே கழிக்க வேண்டியதுதான். கியர் ரிஜிஸ்டரில் (பாரம் தூக்கும் கருவிகளின் சோதனைப் பதிவேடு) 12 மாதத்துக்குள் முழுச் சோதனை நடந்ததா என்றும் பாருங்கள்.

ராயபுரம் மேஸ்திரி:
அண்ணே, அதற்கு முன்னால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் கடைசிவரை அதைத்தான் நீட்டுவார்கள். கூடப் போகிறவர் கப்பல் பெயர், பெர்த் (துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம்), நேரம், எது அறுந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டை வக்கீல் குமாஸ்தா:
தொழிலாளர் இழப்பீடு மட்டும் போதும் என்றால் அலட்சியத்தை நிரூபிக்கவே வேண்டாம். வேலையில், வேலையால் அடிபட்டது தெரிந்தால் போதும். பெரிய தொகைக்கு, அலட்சியத்தை நிரூபிக்கும் சிவில் வழி. ஒரே முதலாளியிடம் இரண்டையும் கேட்க முடியாது, முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுக் கப்பலென்றால் 2017 அட்மிரால்டி (கடல் வழக்கு) சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் கப்பலையே அரெஸ்ட் செய்ய, அதாவது போகவிடாமல் நிறுத்திவைக்க, கேட்கலாம். நம் கோரிக்கைக்குக் கப்பலையே பிணையாகப் பிடிக்கும் அந்தப் பற்றுரிமை பொதுவாக ஒரு வருஷம்தான். கன்டெய்னர் கப்பல் பெர்த்தில் அதிக நேரம் நிற்காது, அதனால் முதல் நாளே ஏஜென்ட், கேப்டன் இருவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும்: டெக் லாக் (கப்பலின் தினப் பதிவேடு), வேலைக்கு முன் எழுதிய ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு), வி.டி.ஆர் (கப்பலின் பயணப் பதிவுக் கருவி) பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி. பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறை) பேசியதெல்லாம் வி.டி.ஆரில் இருக்கும். பழைய கருவியில் 12 மணி நேரம்தான் நிற்கும். 2014 ஜூலைக்குப் பின் பொருத்தியதில் 48 மணி நேரம், உள்சேமிப்பில் 30 நாள்.

எண்ணூர் போசன்:
ஆள் ஓய்வில்லாமல் களைத்திருந்தாரா என்று பார்க்கப் போனால், ஓய்வு நேரப் பதிவேடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். 24 மணியில் 10 மணி ஓய்வு, வாரத்தில் 77 என்று கணக்கு நேராக நிற்கும். அதைப் பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) ஏறிய நேரத்தோடு ஒப்பிடுங்கள். பைலட் ஏறிய பின் கப்பலைக் கரையில் கட்டும்போது முன்னும் பின்னும் ஆள் கயிற்றில் நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் அடிபட்டவர் ‘தூக்கத்தில்’ இருந்ததாகப் பதிவாகியிருந்தால் பொய் வெளியே வந்துவிடும்.

ராயபுரம் மேஸ்திரி:
ஆஸ்பத்திரி செலவுக்கு என்று நீட்டும் இங்கிலீஷ் ரசீதில் முழுத் தீர்வு வாசகம் (இனி எதுவும் கேட்க மாட்டேன் என்பது) இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரைக் கேட்காமல் கைநாட்டு வைக்காதீங்க.