கடை ஃபிரிட்ஜ் யாருடையது? 2017 கோலா புறக்கணிப்பை வைத்து ஒரு வாக்குவாதம்

பொருநைக்கரை:
2017 மார்ச் 1 ஞாபகம் இருக்கிறதா? ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூடு ஆறுவதற்குள் வெள்ளையனின் வணிகர் பேரவை, விக்கிரமராஜாவின் பேரமைப்பு என்ற கடைக்காரர் சங்கங்கள் இரண்டுமே அன்று முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று அறிவித்திருந்தன. எங்கள் பக்கம் நம்மூர் குளிர்பானமான போவோண்டோ கேட்டு ஆட்கள் கடை கடையாக அலைந்தார்கள். இன்று எந்தக் கடைக்குப் போனாலும் அதே சிவப்பு, நீல பாட்டில்தான். புறக்கணிப்பு தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன், நாம்தான் பாதியில் விட்டுவிட்டோம். குடிக்கிற சோடா, தேய்க்கிற சோப்பு, தின்கிற அரிசி எல்லாவற்றையும் உள்ளூருக்கு மாற்றிக்கொண்டால் எந்தக் கம்பெனியும் நம்மை ஆட்டி வைக்க முடியாது.

சிவப்புத்துண்டு:
தோழர், அதற்கு அடுத்த நாள் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? மார்ச் 2 அன்று, கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் கோலா ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. 2016 நவம்பரில் கொடுத்த இடைக்காலத் தடையும் அதோடு போயிற்று. அவர்கள் எடுப்பது உபரி நீர்தான் என்பது அரசுத் தரப்பு வாதம். நீங்கள் பாளையங்கோட்டையில் பன்னீர் சோடா குடித்தால் ஆற்றில் இறங்கிய குழாய் மூடிக்கொள்ளுமா? பிளாச்சிமடாவைப் பாருங்கள், பாலக்காடு பக்கம், நம் எல்லைக்கு அருகில்தான். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும் மயிலம்மா மாதிரிப் பழங்குடிப் பெண்கள் 2002ல் அங்கிருந்த கோக் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003ல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. அங்கே வேலை செய்தது ஊராட்சியின் அதிகாரம். யார் என்ன குடித்தார்கள் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

பொருநைக்கரை:
அந்தப் பெண்கள் வாசலில் உட்காராமல் ஊராட்சி தானாக அசைந்திருக்குமா? மனசு மாறினால்தான் அதிகாரமும் மாறும்.

சிவப்புத்துண்டு:
மனசு மாறி உட்காரவில்லை, கிணறு கெட்டு உட்கார்ந்தார்கள்.

பெட்டிக்கடை அண்ணாச்சி:
ரெண்டு பேரும் கடைக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்க தம்பி. என் கடையில் நிற்கிற கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனி கொடுத்தது. காசு வாங்கவில்லை, ஆனால் அவன் சரக்கைத் தவிர வேறு வைக்கக் கூடாது. கரண்டு பில் என் தலையில். சேல்ஸ்மேன் வந்தால் முதலில் கதவைத் திறந்து போனில் படம் எடுப்பான், அப்புறம்தான் வணக்கமே. கீழ்த்தட்டில் நாலு கோலி சோடா ஒளித்து வைத்திருந்தேன், ‘பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவோம் அண்ணாச்சி’ என்றான். மே மாத வெயிலில் குளிர்ச்சி இல்லாத சோடாவை எவன் வாங்குவான்? 2017ல் நானும் சங்கம் சொன்னபடி நிறுத்தினேன். அவன் ஃபிரிட்ஜில் உள்ளூர் சரக்கை வைக்கவும் முடியாது, புதுசாக ஒன்று வாங்கவும் கையில் காசு இல்லை. எத்தனை நாளைக்குப் பெட்டியைச் சும்மா ஓட்டுவது?

பொருநைக்கரை:
அப்படியென்றால் அண்ணாச்சி, போவோண்டோ தயாரிக்கிற காளிமார்க் 1916ல் விருதுநகரில் ஆரம்பித்து இன்னும் நிற்கிறதே, எப்படி?

பெட்டிக்கடை அண்ணாச்சி:
அவுங்க இப்போ பெரிய கை, நிற்பாங்க. நான் சொல்வது டிவிஎஸ் 50ல் கிரேட் கட்டிக்கொண்டு வந்து போடுகிற ஆளை. கண்ணாடி பாட்டில் திரும்பி வரணும், கழுவணும், ரப்பர் வாஷர் போனால் மாற்றணும். ஜிஎஸ்டி வந்ததும் கலர் சோடாவுக்கு 28 சதவீதம், மேலே செஸ் 12. கோக்குக்கும் அதே 40, அவனுக்கும் அதே 40. இப்போது செஸ்ஸை எடுத்துவிட்டு நேராகவே 40 ஆக்கிவிட்டார்கள்.

சிவப்புத்துண்டு:
அண்ணாச்சி, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடி விழுவது அதைத் தாண்டி வளரப் பார்க்கிறவனுக்கு. மற்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு இருக்கிற காம்போசிஷன் சலுகையிலிருந்து, அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற ஏற்பாட்டிலிருந்து, சோடாக்காரர்களை 2019 அக்டோபரில் வெளியே தள்ளினார்கள். சின்ன ஆள் சின்ன ஆளாகவே கிடக்க வேண்டும் என்று எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. பொருநைக்கரை தோழரே, இதற்கு உங்கள் மரபுச் சந்தை எதிலாவது தீர்மானம் போட்டீர்களா?

மீனா, கோவை:
எல்லாரும் சோடாவிலேயே நிற்கிறீர்கள். உள்ளூர் வாழ்க்கை, பாக்கெட் வேண்டாம், ஷாம்பு வேண்டாம் என்று ஆண்கள் பேசுகிறபோது எனக்கு ஒரே கேள்விதான், சீயக்காயை இடிப்பது யார்? தினையை ஊறவைத்து ஆட்டுவது யார்? என் வீட்டுக்காரர் கம்பெனியை எதிர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குக் காலையில் ஒரு மணி நேர வேலை கூடிவிட்டது, அவர் வாட்ஸப்பில் பெருமையாகப் படம் போடுகிறார். அப்புறம் மாப்பிள்ளை சம்பா மாதிரிப் பாரம்பரிய அரிசியின் விலை. ரேஷன் அரிசி வாங்குகிறவர்களிடம் போய் ‘நீங்கள் கார்ப்பரேட் அடிமை’ என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

பொருநைக்கரை:
அக்கா, யாரும் கையால் இடிக்கச் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு அரவை மில் இருக்கிறது. மிளகாய் வற்றலும் மல்லியும் காயவைத்துக் கொடுத்தால் கண் முன்னாலேயே அரைத்துத் தருகிறார்கள், பாக்கெட்டை விட வாசம் தூக்கலாக இருக்கும். அதுவும் உள்ளூர்த் தொழில்தானே.

மீனா, கோவை:
காயவைப்பது யார் தம்பி?

சிவப்புத்துண்டு:
அக்காவுக்கு என் ஓட்டு. உழவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் அரசு தொடங்கியது. விவசாயி நேராகக் கொண்டுவந்து விற்கிறார், தரகர் இல்லை, விலையை போர்டில் எழுதிப் போடுகிறார்கள். அங்கே கத்தரிக்காய் வாங்கக் கொள்கை எதுவும் தேவையில்லை, விலை கட்டுப்படியாகிறது என்று வாங்குகிறார்கள்.

பொருநைக்கரை:
அரசு நடத்தினால் நல்லது, நாங்களாக நடத்தினால் வாட்ஸப் பெருமையா? திருத்துறைப்பூண்டியில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் விதைத் திருவிழா ஆரம்பித்தபோது எந்த அரசாணையும் இல்லை. வாங்கிப்போன விதையை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டில்தான் அத்தனை ரகமும் வயலுக்கு வந்தது. இன்று நீங்கள் விலை அதிகம் என்று சொல்வதற்காவது அந்த அரிசி இருக்கிறதே.

மீனா, கோவை:
ஜெயராமன் ஐயா செய்ததைக் குறை சொல்ல நான் யார்? அவர் விதையை விவசாயி கையில் கொடுத்தார். அதை அழகான துணிப்பையில் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவர்களைத்தான் சொல்கிறேன், அவர்களும் கம்பெனிதான், லோகோ மட்டும் மண் நிறத்தில் இருக்கிறது.

பெட்டிக்கடை அண்ணாச்சி:
நல்லாச் சொன்னீங்கம்மா. பொருநைக்கரை தம்பிக்கு ஒரு வேலை இருக்கு. எங்கள் தெருவில் ஏழு கடை, கூட்டாகப் பணம் போட்டு செகண்ட் ஹேண்டில் இரண்டு ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம், சோடாக்காரரும் கொஞ்சம் போடுகிறேன் என்கிறார். புறக்கணிப்புக்கு ஆள் சேர்த்தீர்களே, இதற்குச் சேர்ப்பீர்களா?

பொருநைக்கரை:
எவ்வளவு ஆகும் அண்ணாச்சி? தனிச்செய்தியில் போடுங்கள். சங்கத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து.

சிவப்புத்துண்டு:
கரண்டு பில் யார் தலையில் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.