டின் மாற்றியும் மலத்தில் ரத்தம் நிற்கவில்லை

தண்டையார்பேட்டை அம்மா:
பையனுக்கு மூன்றரை மாதம். தாய்ப்பால் போதாமல் இரண்டாம் மாதத்திலிருந்து டின் பாலும் கொடுக்கிறேன். அதற்கப்புறம்தான் மலத்தில் சளியோடு ரத்தக் கீற்று, கன்னமெல்லாம் சொரசொரப்பு. பசும்பால் அலர்ஜி என்று டாக்டர் வேறு டின் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் அது இல்லை, 'இதுவும் அதே மாதிரிதான்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். 12 நாள் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. ஆட்டுப்பால் கொடுத்துப் பார் என்கிறார் மாமியார். ராத்திரியெல்லாம் அழுகிறான், பார்க்க முடியவில்லை.

ராயபுரம் அம்மா:
டின் மேல் என்ன எழுதியிருக்கிறது தோழி?

தண்டையார்பேட்டை அம்மா:
'லாக்டோஸ் ஃப்ரீ'.

ராயபுரம் அம்மா:
அங்கேதான் தவறு. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. பையனுக்கு ஒத்துக்கொள்ளாதது பாலின் புரதம். சர்க்கரையை எடுத்தாலும் புரதம் அப்படியே இருக்கும். டாக்டர் எழுதியது பெரும்பாலும் 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரலைஸ்டு' வகையாக இருக்கும். அதில் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்திருப்பார்கள். 'பார்ஷியலி' என்றிருந்தால் வாங்காதீர்கள், அது அரைகுறையாக உடைத்தது. சீட்டையும் டின்னையும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஆட்டுப்பால், எருமைப்பால் எதுவும் வேண்டாம், புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்.

வியாசர்பாடி அப்பா:
தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள் சகோதரி. சரியான டின் மாற்றியும் ரத்தம் வந்தால், நீங்களும் பால் சேர்ந்ததை விட வேண்டுமா என்று கேளுங்கள். எங்கள் மகளுக்கும் இதே அலர்ஜிதான், என் மனைவி டீ, தயிர், நெய், பிஸ்கட் எல்லாவற்றையும் விட்டார். டாக்டர் தந்த கால்சியம் மாத்திரையோடு கேழ்வரகு, காசிமேட்டு நெத்திலி என்று சமாளித்தோம். இன்னொன்று, புது டின் பால் கசக்கும், வாடையும் வரும். எங்கள் மகள் இரண்டு நாள் துப்பினாள். பீய்ச்சிய தாய்ப்பாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினோம். மலம் பச்சையாகப் போனால் பயப்படாதீர்கள்.

பெரம்பூர் நர்ஸ்:
விலை அதிகம் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கவே கூடாது, எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். டின்னில் போட்ட அளவுதான். கேன் தண்ணீரானாலும் கொதிக்க வையுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இரைத்தால், குழந்தை துவண்டு போனால் காத்திருக்காமல் 108 கூப்பிடுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மா (மூன்று வாரம் கழித்து):
சரியான டின் கிடைத்தது. ஆறாம் நாளே ரத்தம் நின்றது, இப்போது நன்றாகத் தூங்குகிறான். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பழைய டின் பாலைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு?

வியாசர்பாடி அப்பா:
ரத்தம் தானாகவும் நின்றிருக்கலாம் அல்லவா? கொடுத்துப் பார்த்தால்தான் அலர்ஜி என்று உறுதியாகும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இந்த டின் வீண். ஆனால் வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். எங்கள் மகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தம் மறுபடி வந்தது, அதனால் இந்த வகை டின்னையே தொடர்ந்தோம். இரண்டு வயதில் சரியாகிவிட்டது. இப்போது தினமும் தயிர்சாதம் கேட்கிறாள்.