கரும்புச்சாறு கொட்டிய மடிக்கணினி: மழை தொடங்கியதும் விசைகள் மீண்டும் ஒட்டுகின்றன

செம்பூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்து வருகிறேன். மே மாதக் கடைசியில், தெருமுனை ரசவந்திக் கடையிலிருந்து வாங்கி வந்த கரும்புச்சாற்றில் ஏறக்குறைய அரை டம்ளர், மடிக்கணினியின் விசைப்பலகையில் வலப்பக்கமாகக் கொட்டிவிட்டது. உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடித்து, கணினியைக் கவிழ்த்து வடியவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்திருந்தேன். அதன்பின் எல்லா விசைகளும் பழையபடி இயங்கியதால் தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது முதல் தொல்லை ஆரம்பமாகிவிட்டது. நான் தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்பவள். அதில் வலக்கை விரல்கள் தங்கியிருக்கும் நடுவரிசையில்தான் க, ப, ம, த நான்கும் அடுத்தடுத்து உள்ளன, சாறு கொட்டியதும் அங்கேதான். அழுத்திய விசை மெதுவாகவே மேலெழும்புகிறது. சில வேளை எழுத்து இரட்டித்து விழுகிறது. ஒரே உயிர்மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி வந்துவிடும் என்பதால், நான் ‘மகள்’ என்று அடிப்பது திரையில் ‘மக்கள்’ என்று நிற்கிறது. அதுவும் சரியான சொல்லே ஆகையால் பிழைதிருத்தி அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. சென்ற வாரம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘மகளுக்கு’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘மக்களுக்கு’ என்று விழுந்திருந்ததை, அனுப்புவதற்குச் சற்று முன்னர்தான் கண்டேன். ஒரு புள்ளியால் ஒரு பெண்ணின் பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக மாறியிருக்கும்.

பழுதுநீக்கும் நிலையம் ஒன்றில் கேட்டபோது, விசைப்பலகை மேல்மூடியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால் முழு மேற்பகுதியையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, கணினி விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். அதற்குமுன் நானே சுத்தம் செய்து பார்க்கலாமா? எதைக்கொண்டு, எப்படி?

மாட்டுங்கா மாணவன்

அக்கா, எனக்கும் சென்ற ஆண்டு இதே அனுபவம் ஏற்பட்டது. என்னுடையது சர்க்கரை போடாத கடுங்காபி. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் நனைத்து விசைகளின் இடுக்கில் விட்டேன். சில நிமிடங்களிலேயே உலர்ந்துவிட்டது, இன்றுவரை கோளாறு இல்லை. தலைமுடி உலர்த்தும் கருவியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் சூட்டில் என்னுடைய ஷிப்ட் விசையின் கீழிருந்த பிளாஸ்டிக் வளைந்துபோய், கடைசியில் அந்த ஒரு விசைக்காகவே கடைக்கு அலைய வேண்டியதாயிற்று. அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையும் வேண்டாம்; மாவுத்தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.

லேமிங்டன் ரோடு பழுதுநீக்குநர்

வணக்கம் அம்மா. தம்பி சொன்ன எச்சரிக்கைகள் சரியானவை. ஆனால் அவர் கையாண்ட மருந்து உங்கள் நோய்க்குப் பொருந்தாது. தூய ஆல்கஹாலில் சர்க்கரை கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. ஒரு சிறு கிண்ணத்தில் அதை ஊற்றி ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக் கலக்கிப் பாருங்கள். அப்படியே அடியில் மணலாகக் கிடக்கும். சர்க்கரையைக் கரைப்பது தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை விரைவாக வெளியேற்றுவதற்கே ஆல்கஹால் தேவைப்படுகிறது.

மே மாதம் நன்றாக இருந்தது ஜூனில் ஏன் ஒட்டுகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. நீங்கள் துடைத்தது மேற்பரப்பை மட்டுமே. விசைகளின் அடியில் நின்ற சாறு உலர்ந்து மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது சர்க்கரையின் இயல்பு. மழைக்காலத்தில் சமையலறையில் திறந்து வைத்த வெல்லம் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரியம் உங்கள் விசைகளுக்கு அடியிலும் நடக்கிறது. ரசவந்திக் கடைகளில் சாற்றோடு எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்து தருவதால் அதில் அமிலமும் இருக்கும். அது செம்பை அரிக்கும்; ஆகவே நாள் கடத்துவது நல்லதல்ல.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு புட்டியும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் உலர்ந்தால் உப்புப் படியும். கைகழுவும் சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருப்பதால் அது மேலும் பிசுபிசுப்பையே தரும். நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் விசைகளையே உருக்கிவிடும்.

கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரை அகற்றுங்கள். அணைத்த பிறகும் உள்ளிருக்கும் பேட்டரியிலிருந்து சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், அடிமூடியைத் திறக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது உத்தமம். திறக்கும்போதே உள்ளிருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் பழுப்புப் படலமோ பச்சைக் களிம்போ தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் நீங்கள் மேலே தொடராமல் கடைக்குக் கொண்டுபோவதே சரி.

அடுத்து, விசைப்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பழைய ஏடிஎம் அட்டையின் முனையால் ஒட்டும் விசைகளின் மூடியை மட்டும் மெல்ல நெம்புங்கள். எந்தப் பக்கத்திலிருந்து நெம்புவது என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஆகையால் உங்கள் மாதிரிக்கான காணொளியை முதலில் பாருங்கள். மூடியின் கீழே கத்திரிக்கோல் போலக் குறுக்காக மடியும் இரு வெள்ளைச் சட்டங்களும், நடுவில் ஒரு ரப்பர் குமிழும் இருக்கும். அந்தச் சட்டத்தை மாட்டி நிறுத்தும் காதுபோன்ற நுனி நகக்கண் அளவுகூட இராது. அது ஒடிந்தால் விசை மறுபடி நிற்காது. ஸ்பேஸ், என்டர் போன்ற நீண்ட விசைகளில் கம்பியும் இருப்பதால் அவற்றைத் தொடாதீர்கள்.

கழற்றிய மூடிகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தலாம். சட்டங்களையும் குமிழைச் சுற்றியுள்ள இடத்தையும், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால், குச்சியில் பழுப்புநிறம் ஏறுவது நிற்கும் வரை திரும்பத் திரும்பத் துடையுங்கள். கணினி சாய்ந்த நிலையில் இருக்கட்டும். ஒரு துளியும் சொட்டக்கூடாது. பின்னர் அதே இடங்களை ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். அடுப்பும் விளக்கும் அருகில் வேண்டாம். கடைசியாக ஒரு முழுநாள், முடிந்தால் ஏசி அறையில், உலரவிடுங்கள். இந்த மழைக்காற்றில் வெறும் மின்விசிறி போதாது.

செம்பூர்வாசி

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பேட்டரி இணைப்பை எங்கள் குடியிருப்பில் உள்ள பொறியாளர் ஒருவர் கழற்றித் தந்தார். மதர்போர்டு சுத்தமாகவே இருந்தது. க விசையின் அடியில் தேன் வடிந்து காய்ந்ததுபோல் ஒரு வளையம் இருந்தது. ஆறாவது குச்சிக்குப் பிறகுதான் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இப்போது க, ப, ம மூன்றும் புதிதுபோல் எழும்புகின்றன. இருபது முறை ‘மகள்’ என்று அடித்துப் பார்த்தேன். இருபதும் ‘மகள்’ என்றே வந்தன. த மட்டும் தடையின்றி எழும்பினாலும், அழுத்தி அழுத்தித் தட்டினால்தான் எழுத்து விழுகிறது.

லேமிங்டன் ரோடு பழுதுநீக்குநர்

மகிழ்ச்சி அம்மா. விசை தடையின்றி எழும்பியும் எழுத்து விழவில்லை என்றால், சாறு குமிழுக்கும் கீழே, மின்தடங்கள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களின் இடையே புகுந்திருக்கிறது என்று பொருள். அங்கே குச்சி எட்டாது. மேலிருந்து நீர் விட்டால் பக்கத்து விசைகளும் கெடும். எனவே இனி அதைத் தொடாதீர்கள். பத்திர வேலைகளுக்கு ஒரு யுஎஸ்பி விசைப்பலகையை இணைத்துக்கொள்ளுங்கள். மேற்பகுதி முழுவதையும் மாற்றும் முன், உங்கள் மாதிரி எண்ணைச் சொல்லி, விசைப்பலகை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று இங்கே லேமிங்டன் ரோட்டில் உள்ள இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். பிளாஸ்டிக் ஆணிகளால் பொருத்தப்பட்ட வகையாக இருந்தால் அவற்றை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்தித் தருவோர் உண்டு, அதற்கான செலவும் குறைவு.